ஐசியை நீட்டுவதற்கு முன்

இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டையின், அதாவது ஐசியின், இலக்கத்தை வைத்தே ஒருவர் பிறந்த நாளைச் சொல்லிவிடலாம். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த மூன்றோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துத்தான் கணக்கு. ஆகவே 1951 மார்ச் 1ஆந் திகதி பிறந்த ஆணின் இலக்கம் 51061 என்று தொடங்கும், அதே நாளில் பிறந்த பெண்ணின் இலக்கம் 51561 என்று தொடங்கும். 2016இலிருந்து வருகிற 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக முழுசாகவே இருக்கிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வங்கிக்கோ போன் கொம்பனிக்கோ கோல் எடுத்தால், கதைப்பது நாங்கள்தானா என்று பார்க்க அவர்கள் வழமையாகக் கேட்பது முழுப்பெயர், ஐசி நம்பர், பிறந்த திகதி, விலாசம். அட்டையின் இரண்டு பக்கமும் அடித்த ஒரு போட்டோகொப்பி கையில் இருந்தால் நான்குக்கும் பதில் கிடைத்துவிடும். அந்தக் கொப்பியை கொழும்பில் நாங்கள் எங்கெல்லாம் விட்டுவிட்டு வருகிறோம் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். வாடகை வீட்டுக்குப் புரோக்கரிடம், சிம் எடுத்த கடையில், நகை அடகு வைத்த இடத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த காசு எடுத்த கவுண்டரில், வேலைக்கு விண்ணப்பித்த கந்தோரில். பிளட்ஸ் வாசலில் செக்கியூரிட்டி வைத்திருக்கும் புத்தகத்தில் வருகிறவர் எல்லாரும் பெயர், ஐசி நம்பர், போன் நம்பர் எழுதுகிறார்கள். எனக்குப் பின்னால் எழுத வருகிறவர் எனக்கு முன்னால் எழுதிய இருபது பேரின் விபரத்தையும் படமெடுத்துக்கொண்டு போகலாம்.

கொழும்புத் தமிழருக்கு இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. யுத்த காலத்தில் இந்த நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஐசி இல்லாமல் வீட்டுப்படி இறங்கியதாக ஞாபகமே இருக்காது. காலி வீதியில் செக்பொயின்ட், பஸ்ஸை மறித்து இறக்கிப் பார்ப்பது, இரவில் வீடு வீடாக வந்து பார்ப்பது, வீட்டில் இருக்கிற எல்லாரையும் பொலிஸில் பதிவது. அட்டையைக் கேட்டால் உடனே எடுத்து நீட்ட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. அதுதான் அப்போது உயிருக்குப் பாதுகாப்பு. 2009க்குப் பிறகு செக்பொயின்ட்கள் போய்விட்டன, அந்தப் பழக்கம் போகவில்லை. எங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் கேட்டால் கை தானாகவே சேர்ட் பொக்கெட்டுக்குப் போகும். இந்த வயதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இன்றைக்கு கேட்பவர்களில் பெரும்பாலானோர் வியாபாரிகள். அவர்களிடம் ஏன் என்று கேட்பதில் ஒரு ஆபத்தும் இல்லை என்பதை வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் பழக்க வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்கு நடந்தது இதுதான். ஒருநாள் காலையில் ஒரு கோல். முதலில் சிங்களத்தில் ஒருவர், பிறகு தமிழ் கதைக்கிற ஒரு பையன். ஒரு நிதிக் கொம்பனியின் பெயரைச் சொல்லி, "அங்கிள், நீங்கள் தவணைக்கு எடுத்த போனுக்கு மூன்று மாசமாகக் காசு கட்டவில்லை" என்றான். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். "தம்பி, நான் போன் ஒன்றும் எடுக்கவில்லை" என்று சொன்னதற்கு, "ஐசி நம்பர் உங்கட தானே அங்கிள்?" என்று இலக்கத்தை முழுசாக வாசித்தான். அந்த இடத்தில் அப்பா ஆடிப்போய்விட்டார். தன் இலக்கத்தை வேறொருவர் வாயால் கேட்டதும், தான் எங்கேயோ கையெழுத்து வைத்து மறந்துவிட்டேனோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வழக்குப் போடுவோம், ஆளை வீட்டுக்கு அனுப்புவோம் என்று அந்தப் பையன் சொல்லச் சொல்ல அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போனது.

நான் போனை வாங்கி இரண்டு விஷயம்தான் சொன்னேன். இந்தக் கடன் எங்களுடையது இல்லை. மேற்கொண்டு எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள். பிறகு வைத்துவிட்டு, கோல் வந்த நம்பருக்குத் திருப்பி எடுக்காமல் அந்தக் கொம்பனியின் பொது இலக்கத்தைத் தேடி எடுத்தேன். கோல் எடுத்தவன் பொய் ஆளாகவும் இருக்கலாம், தவணைக்காசு என்று சொல்லிக் காசு பிடுங்குவதும் நடக்கிறது. எங்கள் விஷயத்தில் கொம்பனியும் உண்மை, கடனும் உண்மை. கடன் எடுத்த ஆள்தான் அப்பா இல்லை.

அன்றைக்கு இரவு இரண்டு பேர் ஒரே ஆலோசனையைச் சொன்னார்கள். கொம்பனிப் பையன் மறுபடி எடுத்து, "இப்ப ஒரு தவணையைக் கட்டுங்கோ, பிறகு விசாரிப்பம்" என்றான். மேல் மாடி மாமாவும், கரைச்சல் வேண்டாம், சின்னக் காசுதானே, கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கோ என்றார். மாமா அன்பில் சொன்னவர். ஆனால் இந்த ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு தவணை கட்டினால் கடனை ஏற்றுக்கொண்டது மாதிரி ஆகிவிடும். பிறகு எங்கே போய் நியாயம் கேட்பது?

நேரில் போனோம். விண்ணப்பப் படிவத்தைக் காட்டச் சொன்னோம். முதலில் மறுத்தார்கள். அப்பாவின் பெயரில் இருக்கிற படிவத்தை அப்பாவுக்குக் காட்ட ஏன் மறுக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே அங்கேயே இருந்தோம். கடைசியில் பைல் வந்தது. அப்பாவின் அட்டைக் கொப்பி அதில் இருந்தது. லமினேட் மூலை கிளம்பி, அதன் நிழல் கறுப்பாக ஒரு முக்கோணமாக விழுந்திருந்தது. அந்த மூலை கிளம்பியது கடைசியாக ஒரு சில வருடங்களுக்குள்தான். ஆகவே கொப்பி பழையது இல்லை. படிவத்தில் எழுதியிருந்த போன் நம்பர் எங்களுக்குத் தெரியாதது. கையெழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா வாழ்நாள் முழுக்கத் தமிழில்தான் கையெழுத்து வைத்தவர், ஓய்வூதியப் புத்தகத்திலிருந்து வங்கிப் புத்தகம் வரை. அதைப் பார்த்த பிறகுதான் அவருடைய முகம் தெளிந்தது. "இது என்ர இல்லை பிள்ளை" என்று அந்தத் தாளை விரலால் தட்டித் தட்டிச் சொன்னார்.

அங்கேயே மேசையில் இருந்தவர், "சரி, விசாரிக்கிறோம், ஐசி கொப்பி ஒன்று வட்ஸ்அப்பில் அனுப்புங்கோ" என்றார். இதைக் கவனியுங்கள். ஐசி கொப்பியால் வந்த பிரச்சினைக்கு இன்னொரு ஐசி கொப்பி! மூல அட்டையைக் காட்டினோம், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். கொப்பி கட்டாயம் என்றபோது, அதன் குறுக்கே நீல பேனையால், எந்த முறைப்பாட்டுக்கு, எந்தக் கொம்பனிக்கு, என்ன திகதி என்று முகத்தையும் இலக்கத்தையும் மறைக்காமல் எழுதி, வேறு தேவைக்குச் செல்லாது என்றும் எழுதிக் கொடுத்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலிருந்து எழுத்தில்லாத கொப்பி ஒன்றும் வெளியே போவதில்லை.

பொலிஸ் முறைப்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் பின்வாங்குவது இங்கேதான். "அங்க போனா சிங்களத்திலதான் எழுதுவாங்கள்" என்பார்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. தமிழில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. நடைமுறையில் அந்த நேரத்தில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லாமல் போகலாம். நாங்கள் செய்தது என்னவென்றால், நடந்ததைத் திகதி வாரியாக வீட்டிலேயே தமிழில் டைப் பண்ணி இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போனோம். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் ஏற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கினோம். அவர்கள் சிங்களத்தில் பதிந்ததை, சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒரு நண்பர் வரிக்கு வரி வாசித்துச் சொன்ன பிறகுதான் அப்பா கையெழுத்து வைத்தார். வாசிக்கத் தெரியாத எழுத்தின் கீழ் கையெழுத்து வைக்க வேண்டாம், எவ்வளவு அவசரப்படுத்தினாலும். எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில், எந்தப் பந்தியில் பதிந்தார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் பிறகு போனால் தேடுவதற்கே அரைநாள் போகும். கணினி சம்பந்தமான மோசடி என்றால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவும் இருக்கிறது.

அடுத்தது கிறிப். எங்கள் சனம் "கிறிப்பில விழுந்திட்டான்" என்று சொல்வதைக் கேட்டால் அது ஏதோ கறுப்புப் பட்டியல் என்றுதான் நினைப்பீர்கள். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் அது. வங்கிகளும் நிதிக் கொம்பனிகளும் யாருக்கு என்ன கடன் கொடுத்தோம், ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று அனுப்புகிற விபரத்தை வைத்திருக்கிறது, நல்லதையும் கெட்டதையும். உங்கள் பெயரில் உள்ள அறிக்கையை நீங்களே ஒரு சிறு கட்டணத்துக்குக் கேட்டு வாங்கலாம். உங்களுக்குத் தெரியாத கடன் ஏதும் இருக்கிறதா என்பதோடு, எந்தெந்த நிறுவனம் உங்கள் விபரத்தைக் கேட்டுப் பார்த்தது என்பதும் அதில் வரும். நீங்கள் காலடி வைக்காத ஒரு கொம்பனி உங்களைப் பற்றி விசாரித்திருந்தால், யாரோ உங்கள் பெயரில் கடன் கேட்டுப் போயிருக்கிறார் என்று சந்தேகிக்க வேண்டும். அப்பாவின் அறிக்கையில் அந்தப் போன் கடன் நிலுவையோடு இருந்தது. அந்தப் பதிவைப் பணியகம் தானாக அழிக்காது, கடன் கொடுத்த நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும். ஆகவே கொம்பனிக்குப் பதிவுத் தபாலில் கடிதம், அதோடு பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கையெழுத்து வித்தியாசத்தைக் காட்ட வங்கிப் புத்தகத்தின் ஒரு பக்கம்.

கொம்பனி இழுத்தடித்தது. மத்திய வங்கியில் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் என்று ஒன்று இருக்கிறது, இலக்கம் 1935. வங்கிகள், அனுமதிப்பத்திரம் உள்ள நிதிக் கொம்பனிகள் மீதான முறைப்பாட்டை அவர்கள் பார்ப்பார்கள். ஆனால் முதலில் கொம்பனிக்கு எழுதியிருக்க வேண்டும். அதனால்தான் ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் எழுத்தில் வைத்திருப்பது உதவியது. மாதக்கணக்கில் அலைந்த பிறகு, இந்தக் கடனுக்கும் அப்பாவுக்கும் சம்பந்தமில்லை என்று கடிதம் வந்தது. கடிதத்தோடு நிற்காமல் கிறிப் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்து, பதிவு போய்விட்டதா என்று உறுதிசெய்தோம். கொப்பி எங்கிருந்து போனது என்பது கடைசிவரை தெரியவில்லை.

எனக்கு அதிகம் சந்தேகம் வருகிற இடம், போட்டோகொப்பியும் பிரிண்டும் எடுக்கிற கொமினிகேஷன் கடைகள். கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கடையில் நின்று பாருங்கள். எல்லாரும் ஐசியையும் பாஸ்போர்ட்டையும் பிறப்புச் சான்றிதழையும் கடையின் வட்ஸ்அப்புக்கு அனுப்பி, "தம்பி, அதில ரெண்டு கொப்பி" என்கிறார்கள். கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்தால் அந்த வட்டாரத்தின் பாதிப் பேரின் அட்டைகள் வரிசையாக இருக்கும். அந்தக் கணினிக்கு முன்னால் பகலில் ஒரு பையன், மாலையில் வேறொரு பையன். முடிந்தால் மூல அட்டையைக் கொண்டுபோய் முன்னால் நின்று அடியுங்கள். கறுத்துப்போய் எறிந்த கொப்பியையும் கேட்டு வாங்குங்கள். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், அச்சடித்ததும் கடைக்காரரைக் கொண்டே பைலை அழிப்பித்து, ரீசைக்கிள் பின்னையும் காலிபண்ணச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. உங்கள் வட்ஸ்அப்பைக் கடைக் கணினியில் திறந்திருந்தால், இணைத்த சாதனங்கள் என்ற பட்டியலில் போய் அதை வெட்டிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும்.

சிம் விஷயமும் இதோடு சேர்ந்தது. ஐசி கொப்பியை வைத்து உங்கள் பெயரில் வேறு யாரும் சிம் எடுத்திருக்கிறார்களா என்று உங்கள் போன் கொம்பனிக் கிளையில் மூல அட்டையோடு போய்க் கேளுங்கள், தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே துண்டிக்கச் சொல்லுங்கள். உங்கள் சொந்தப் போனில் திடீரென்று சிக்னல் இல்லாமல் போய் நீண்ட நேரம் வராவிட்டால், யாரும் உங்கள் நம்பருக்கு மாற்று சிம் எடுத்துவிட்டார்களோ என்று உடனே விசாரிக்க வேண்டும். வங்கி அனுப்புகிற ஒருமுறை இரகசிய இலக்கம், அதாவது ஓடிபி, வருவது அந்த நம்பருக்குத்தானே. போன் கொம்பனி கவனிக்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் இலக்கம் 1900.

ஓடிபியை யாருக்கும் கொடுக்காதே என்று எல்லாரும் சொல்கிறார்கள், நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எங்கள் மாடியில் ஒரு அன்ரிக்கு, அவர் போகிற பஜனைக் குழுவில் உள்ள இன்னொரு அன்ரியின் வட்ஸ்அப்பிலிருந்து, "உங்கட போனுக்கு ஆறு இலக்கம் ஒன்று தவறுதலாக வந்திட்டுது, அனுப்பிவிடுங்கோ" என்று வந்தது. அது தெரிந்த நம்பர், தெரிந்த படம். அவர் அனுப்பினார். அடுத்த நிமிடம் அவருடைய வட்ஸ்அப் போய்விட்டது, அவர் பெயரில் எல்லாரிடமும் அவசரமாகக் காசு கேட்டுச் செய்தி போனது. முதல் அன்ரியின் கணக்கும் அப்படித்தான் ஏற்கெனவே போயிருந்தது. ஆகவே தெரிந்தவரிடமிருந்து வந்தது என்பது பாதுகாப்பு இல்லை. வட்ஸ்அப் செட்டிங்ஸில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பின் நம்பர் போட்டுவிட்டால், உங்கள் கணக்கை வேறு போனில் திறக்க அந்த ஆறு இலக்கம் மட்டும் போதாது. வீட்டுப் பெரியவர்களின் போனில் இன்றைக்கே போட்டுக்கொடுங்கள். இப்படிக் கணக்கு பறிபோனால், கணினிப் பாதுகாப்புப் பிரச்சினைகளைப் பார்க்கிற ஸ்ரீலங்கா சேர்ட் (CERT) நிறுவனத்தின் 101க்கு எடுக்கலாம்.

காசு போய்விட்டால் நேரம்தான் எல்லாம். இப்போது வங்கிக்கு வங்கி காசு நொடியில் போய்ச் சேர்கிறது, போனது வேறு கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். அழுதுகொண்டு உறவினருக்குச் சொல்வதற்கு முன் ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கிற வங்கியின் போன் இலக்கத்துக்கு எடுங்கள். அந்த இலக்கத்தை ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம், கார்டே களவு போனால் பின்பக்கத்தைப் பார்க்க முடியாதே.

பொருள் வாங்குகிற மோசடியில் எங்கள் கட்டடத்தில் இப்போது அதிகம் நடப்பது கட்டளையிடாத பார்சல். பகலில், வேலைக்குப் போகிறவர்கள் இல்லாத நேரத்தில் ஒருவர் வந்து, மகளின் பெயரைச் சொல்லி, பார்சல் வந்திருக்கிறது, 2,500 ரூபா என்பார். அம்மா கட்டிவிடுவார். திறந்தால் ஒரு பிளாஸ்டிக் சாமான். பெயரும் விலாசமும் போன் நம்பரும் அவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது? முந்தைய பார்சல்களின் பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளிலிருந்தும் கிடைக்கலாம். அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் பெட்டியை எறிவது எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது. கட்டளையிட்டவரிடம் கோல் எடுத்துக் கேட்காமல் வாசலில் யாரும் காசு கொடுப்பதில்லை. பேஸ்புக் பக்கத்தில் வாங்கி ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் சொல்லலாம், எழுத்து முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கடையின் விலாசமும் பில்லும் இல்லாத பக்கத்தைப் பற்றி அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது. ஆகவே விலாசம் இல்லாத கடைக்கு முன்கூட்டிக் காசு அனுப்பாதீர்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது இளம் பிள்ளைகள். வீட்டிலிருந்தே வேலை, டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று தொடங்குகிறார்கள். முதல் சில நூறு ரூபா உண்மையாகவே வரும். பிறகு பெரிய வேலைக்கு வைப்புப் பணம் கட்டச் சொல்வார்கள், அதோடு காசு போய்விடும். அதைவிட மோசம், "உன்ர கணக்குக்கு கொஞ்சக் காசு வரும், அதை இந்தக் கணக்குக்கு அனுப்பு, உனக்குப் பங்கு" என்பது. வருவது வேறொரு வீட்டில் யாரோ ஒரு அம்மாவை ஏமாற்றி எடுத்த காசு. பொலிஸ் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரனைத்தான், போனில் கதைத்தவன் எங்கேயோ இருப்பான். எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஏ.எல். முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவன், ஏடிஎம் கார்டையும் பின்னையும் ஒரு நண்பனுக்குக் கொடுத்துவிட்டு வாக்குமூலம் கொடுக்கத் தாயோடு அலைந்தான். பிள்ளைகளின் வங்கிக் கணக்கும் சிம்மும் யாருக்கும் இரவல் கொடுக்கிற பொருள் இல்லை என்று வீட்டில் வெளிப்படையாகக் கதையுங்கள், திட்டுவதற்காக இல்லாமல் அவர்கள் வந்து கேட்பதற்கு வழி இருக்கவேண்டும் என்பதற்காக. தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிக்கொண்டு போய் மியன்மார் எல்லையில் மோசடி நிலையங்களில் அடைத்து வைத்த இலங்கைப் பிள்ளைகளின் கதை எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டு வேலை என்று யார் வந்தாலும் முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு எடுத்து அது செல்லுபடியானதா என்று பார்த்த பிறகுதான் பாஸ்போர்ட்டைக் கையில் எடுக்க வேண்டும்.

கொழும்பில் தனியாக இருக்கிற பெற்றோருக்கு இன்னொன்று. பிள்ளைகள் லண்டனிலோ டொரொண்டோவிலோ இருப்பார்கள். "அம்மா, என்ர போன் உடைஞ்சிட்டுது, இது புது நம்பர், அவசரமாக ஒருத்தருக்குக் காசு போடவேணும்" என்று செய்தி வந்தால், பழைய நம்பருக்கு ஒரு கோல் எடுங்கள். எடுபடாவிட்டால் மருமகளுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ எடுங்கள். குரலையும் இப்போது கணினியில் செய்து போடுகிறார்கள் என்பதால், எங்கள் குடும்பத்தில் வெளியாருக்குத் தெரியாத ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். லண்டனில் இருக்கிற தம்பி காசு விஷயம் கதைத்தால் அப்பா முதலில் அதைத்தான் கேட்பார், பதில் வந்த பிறகுதான் மற்றக் கதை.